ஏர்பேக் மேல் முருகன்

“சாமியைக் கழட்டச் சொல்றீங்களா, அம்மணி?”

சென்னியப்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் சொல்லலீங்ணா. திரும்பப் பூட்டும்போது அது அங்கேயே இருக்கணுமான்னு கேட்டேன்,” என்றாள் பரிமளம்.

“இருக்கணும்.”

“சரிங்க.”

அவ்வளவுதான். பரிமளம் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் சுபாவமே அப்படி. வாதாட மாட்டாள். ஒரு கேள்வி கேட்பாள், பதில் வந்தால் ‘சரிங்க’ என்பாள். அந்தச் ‘சரிங்க’வைக் கேட்டால் சில பேருக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

ஈரோட்டில் பவானி ரோட்டை ஒட்டி அவளுக்குச் சொந்தமாக ஒர்க் ஷாப். வயது முப்பத்து நாலு. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாதி ஆயுசு லாரி ஓட்டிய மனுசன். முதுகு போனதும் லாரியை விட்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்து சோறு தின்ன மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று இங்கே வந்து சேர்ந்தார். அவர் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

பிரேக் கற்றார். கிளட்ச் கற்றார். வயரிங்கும் கற்றார். ஏர்பேக் இருக்கிற ஸ்டீயரிங்கை மட்டும் பரிமளம் தொட விடவில்லை.

இன்றைக்குத்தான் விட்டிருந்தாள். அதுவும் அவர் மகள் வாணியின் காரில்.

காரில் ஹாரன் அடிக்கவில்லை. ஏர்பேக் லைட் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு வயர் சுருள் உண்டு. அது அறுந்தால் இரண்டுக்கும் கரண்ட் போகாது. போன வாரம் சித்தோடு பக்கம் ஒரு லாரி சடாரென்று நிற்க, வாணி மயிரிழையில் தப்பினாள். இடித்திருந்தால் முகத்தைத் தாங்க ஏர்பேக் பை வெளியே வந்திருக்காது. அதைக் கேட்டதிலிருந்து சென்னியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கே சரி பண்ணியாக வேண்டும், தன் கையாலேயே பண்ண வேண்டும் என்று காலையில் கடை திறக்கும் முன்பே வந்து காத்திருந்தார். புதுச் சுருள் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த ஸ்டீயரிங்கின் நடுவில்தான் முருகன் இருந்தார். உள்ளங்கை அகலப் பித்தளை. கையில் முன்னால் துருத்திய வேல். கார் எடுத்த அன்று சென்னிமலைக்குப் போய்ப் பூஜை போட்டு, சென்னியப்பனே ஒட்டியது. லாரிக்காரர் ஒட்டினால் ஏனோதானோவென்றா ஒட்டுவார்? பசை இறுகிப் பாறையாகிவிட்டது.

“என் லாரியிலும் இவர்தான் இருந்தார். ஸ்டீயரிங் நட்ட நடுவுல. திம்பம் மலையில எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன்! ஒரு கீறல் கிடையாது,” என்று பரிமளத்தின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

“ஆமாங்க,” என்றது முதுகு.

“அவர் இருக்கிற தைரியத்துலதான் புள்ளையத் தனியா அனுப்பறேன்.”

“சரிங்க. வேலையை ஆரம்பிங்க.”

சென்னியப்பன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டயர்களை நேராக வைத்தார். சாவியை எடுத்தார். பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினார்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏன் நிக்கறீங்க?” என்றாள் பரிமளம்.

“பேட்டரியைக் கழட்டினாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்குமுங்க. அது வடியணும்.”

“வடியலைன்னா?”

“கை வெச்ச நேரம் பாத்து வெடிச்சாலும் வெடிக்கும்.”

“சரிங்க. டீ சாப்பிடுங்க.”

டீ குடித்தார். கிளாஸைக் கழுவி வைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவசரப்பட்டால் அம்மணி ஸ்பேனரைப் பிடுங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் ஸ்டீயரிங்கின் பின்பக்கமிருந்து ஸ்க்ரூக்களைக் கழற்றினார். ஏர்பேக் மூடியோடு கையில் வந்தது. மஞ்சள் பிளக்கை நோகாமல் பிடுங்கினார். நெஞ்சுக்கு எதிராகப் பிடிக்காமல், முகப்பு வெளியே பார்த்தபடி, கைக்குழந்தையைத் தூக்குகிற கவனத்தோடு மேஜைக்குக் கொண்டுபோனார்.

“ஏன் அப்படிப் புடிச்சிருக்கீங்க?”

“வெடிச்சா முகப்புப் பக்கந்தானுங்க வெடிக்கும். அந்தப் பக்கம் என் நெஞ்சு இருக்கக் கூடாது.”

மேஜையில் மல்லாக்க வைத்தார். பித்தளை முருகன் கூரையைப் பார்த்தார்.

“குப்புற வெச்சா என்னவாம்?”

அட, இதென்ன பரீட்சை என்று சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சந்தோஷமாகவே சொன்னார்.

“குப்புற வெச்சா மொத்தமா எகிறிக் கூரையைப் பேத்துடும். மல்லாக்க வெச்சா பை மட்டும் மேல போகும். இந்த மேஜை மேல வேற எதையும் வைக்கக் கூடாதுங்க. ஒரு சின்ன ஸ்க்ரூ ஏர்பேக் மேல கெடந்தாக்கூட அது குண்டு மாதிரிப் பறக்கும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க!”

“நானா சொன்னேன்?”

“வந்த புதுசுல சொன்னீங்க.”

“நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க.”

சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

நடு நட்டைத் தளர்த்தும் முன் ஸ்டீயரிங்குக்கும் தண்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். திரும்பப் பூட்டும்போது கோட்டோடு கோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நேராகப் போகும், ஸ்டீயரிங் கோணிக்கொண்டு நிற்கும். நட்டை முழுசாகக் கழற்றாமல் நுனியில் விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை அசைத்து இழுத்தார். லாரி ஓட்டிய தோள். ‘டக்’கென்று விட்டுக் கொடுத்தது. நுனியில் நட் இருந்ததால் மூக்கு தப்பியது.

அறுந்த சுருளை எடுத்துப் போட்டார். புதுச் சுருளை அதன் நடு நிலை பிசகாமல் உட்கார வைத்தார். ஸ்டீயரிங்கைப் பூட்டினார். கோட்டோடு கோடு சேர்ந்தது. ஏர்பேக்கைப் பூட்டினார். முருகன் பழைய இடத்துக்கு வந்தார்.

“தீர்மானமா அவர் அங்கேதானுங்களா?” என்று பரிமளம் இன்னொரு தரம் கேட்டாள்.

“அம்மணி, எம் மக உயிருக்கு அவர்தான் காவல். இன்னொரு தடவை கேக்காதீங்க.” குரல் கொஞ்சம் தடித்துவிட்டது.

“கேக்கலீங்க.”

பேட்டரியை மாட்டினார். கதவைத் திறந்து, உள்ளே ஏறாமல் வெளியே நின்றபடியே, கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

“ஏன், உள்ளே உக்காந்து போட்டா என்ன?”

“புதுசா மாட்டினதும் முதல் தடவை கரண்ட் போறப்ப ஸ்டீயரிங்குக்கு எதிர்ல யாரும் இருக்கக் கூடாதுங்க. ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா மூஞ்சிலதான் வெடிக்கும்.”

சிவப்பு லைட் எரிந்தது. சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். லைட் அணைந்தது. திரும்ப வரவில்லை. ஹாரனை அழுத்தினார். பவானி ரோடு பூராவும் திரும்பிப் பார்த்தது.

“உயிர் வந்துருச்சு அம்மணி!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இத்தனை நாள்?”

“செத்துக் கெடந்துச்சுங்க. எதுல போய் இடிச்சிருந்தாலும் வந்திருக்காது.”

“இனிமே?”

“இனிமே இடிச்சா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வெளியே வந்துரும்.”

“நல்ல வேலைங்ணா. ஒரு குறையும் இல்லை,” என்றாள் பரிமளம். “இப்ப உள்ளே ஏறி உக்காருங்க.”

சென்னியப்பன் ஏறினார். ஏறியவர் முட்டி மடங்கி மாட்டிக்கொண்டார். வாணி குள்ளம். பெடலுக்குக் கால் எட்ட வேண்டும் என்று சீட்டை முழுக்க முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். அவர் வயிறு ஸ்டீயரிங்கில் அழுந்தியது. சீட்டைப் பின்னால் தள்ளக் கையை அடியில் விட்டார்.

“தள்ள வேண்டாங்க. உங்க மக உக்கார்ற இடத்துல உக்காருங்க. அவ உசரத்துக்குக் குனிஞ்சுக்கங்க.”

குனிந்தார்.

இந்தக் காரில் அவர் ஏறினால் எப்போதும் பக்கத்து சீட்டுதான். வண்டியை வாணி யாருக்கும் தர மாட்டாள். அங்கிருந்து பார்த்தால் முருகன் ரோட்டுக்கும் அவளுக்கும் நடுவில் காவலுக்கு நிற்பதுபோல இருக்கும். பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறார்.

இங்கிருந்து இப்போதுதான் பார்க்கிறார். வேலின் முனை நேராக அவருடைய இடது கண்ணைப் பார்த்தது.

அவர் தலையைக் கொஞ்சம் நகர்த்தினார். முனை மூக்குக்கு நேரே வந்தது. பின்னால் சாய்ந்து பார்த்தார். சாய இடமில்லை.

கையை நீட்டி முனைக்கும் முகத்துக்கும் நடுவே சாண் போட்டார். ஒரு சாண். அதற்கு மேல் இரண்டு விரல்.



 சென்னியப்பனின் பார்வை தானாக, ஏர்பேக்கை மல்லாக்க வைத்த அந்த மேஜைக்குப் போனது. அங்கே ஒரு சின்ன ஸ்க்ரூகூட இல்லாமல் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். அவரேதான் துடைத்தார்.

“ஐயோ, என் முருகா,” என்றார்.

“அப்பா!”

வாசலில் வாணி, தோளில் ஹேண்ட்பேக்கோடு. பவானியில் பேங்க் வேலை முடித்து பஸ்ஸில் வந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“முக்குத் திரும்பறப்பவே ஹாரன் சத்தம் கேட்டுச்சு. நம்ம வண்டிதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு! லைட்டும் போயிருச்சாப்பா?”

“போயிருச்சு கண்ணு. உங்கப்பா தனியாளா செஞ்சாரு,” என்றாள் பரிமளம்.

“எங்கப்பான்னா சும்மாவா!” வாணி கையை நீட்டினாள். “சாவியைக் குடுங்கப்பா. இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேந்துடறேன்.”

பரிமளம் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவினாள். அதை வாணியிடம் தரவில்லை. சென்னியப்பனின் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்க செஞ்ச வேலைங்ணா. நீங்களே குடுங்க.”

சென்னியப்பன் காரிலிருந்து இறங்கினார். மகளின் நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். அவள் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.

அவர் விரல்களை மடக்கிச் சாவியை இறுக மூடிக்கொண்டார்.

“வேலை இன்னும் முடியலை கண்ணு,” என்றார். “பஸ்ஸுல போ.”