அசையாத கை

சவரிமுத்துவுக்குத் தலை கிறுகிறுத்தது. மூளை கையை எப்படித் தூக்குகிறது என்று ஆறு வருஷமாக ஆராய்கிற மனுஷனுக்குத் தன் மூளைக்குள் என்ன ஓடுகிறதென்றே விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. கடைசி அத்தியாயமோ ஒரு வரிகூட நகரவில்லை.

பதினாறு வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் வேலையை உதறிப் படிக்க வந்தவர். வழிகாட்டி மங்களேஸ்வரி அவரைவிட ஒன்பது வயது சின்னவர். அதனாலென்ன? சந்தேகம் வந்தால் அங்கேதானே போய் நிற்க வேண்டும்!

"மேடம், கையைத் தூக்கச் சொல்ற கட்டளை மூளையில எங்கதான் இருக்கு? ஒரு நாள் இங்க தெரியுது, மறுநாள் வேற எங்கயோ தெரியுது. எனக்கு ஒண்ணுமே பிடிபடல."

மங்களேஸ்வரி சோதனை நாற்காலியில் உட்கார்ந்து, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற தொப்பியைத் தானே மாட்டிக்கொண்டார்.

"பச்சை விளக்கு எரிஞ்சா கையைத் தூக்கணும். அதானே?"

"ஆமா மேடம்."

பச்சை எரிந்தது. கை அசையவில்லை. சவரிமுத்துவின் விரல் பழக்க தோஷத்தில் கணினியில் அந்தப் பதிவை அழித்தது. மறுபடி பச்சை. கை அப்படியே கிடந்தது. மறுபடி அழித்தார். ஐந்தாவது தடவை மேடத்தின் நெற்றியில் வியர்வை. அட, ஏசி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு வியர்க்கிறது?

"என்னமோ தட்டிக்கிட்டே இருக்கீங்களே, என்ன அது?"

"கை அசையலன்னா அந்தப் பதிவு வேஸ்ட்டு மேடம். அழிச்சிருவேன்."

"இதுவரைக்கும் எத்தனை?"

"ஆறு வருஷத்துல நாலாயிரம் இருக்கும்."

"அதுல மூளை சும்மா இருந்துச்சா?"

"பார்க்கல மேடம். கைதான் அசையலையே!"

சொன்னவர் கணினியிலிருந்து விரலை எடுத்தார். தனக்குள் எழுந்தது பயமா கோபமா என்று தெரியாமல் குழம்பி நின்றார்.

மங்களேஸ்வரி தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பச்சை எரிஞ்சதும் கை தானா எழும்பப் பார்த்துச்சு சார். அஞ்சு தடவையும் அதை அமுக்கி வைக்கிறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு. அதையா வேஸ்ட்டுன்னு அழிச்சீங்க?"