எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

தேவசகாயத்தைச் சென்னியப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஒரு சிவப்புக் காரின் புகைக்குழாய்க்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூக்கை நீட்டி முகர்ந்துகொண்டிருந்தார்.

"எண்ணெய் வாசம் வருது அண்ணா. நல்லாவே வருது" என்றார்.

அது சனிக்கிழமை. சென்னியப்பன் கையைக் கழுவிக்கொண்டு தன் ஊர் அவிநாசிக்குப் பஸ் ஏறினார். திங்கட்கிழமை வந்தபோது பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்துக் கடை வெல்டர் வாசலில் நின்றிருந்தார். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் சாய்ந்த தேவசகாயம் பிறகு எழுந்திருக்கவில்லை என்று சொன்னார். மாரடைப்பு.

அந்தப் பட்டறை கோயம்புத்தூர் கணபதியில் இருந்தது. ரோட்டரி எஞ்சின் வைத்த கார்கள் நம் பக்கம் மிகவும் குறைவு. பந்தயத்துக்கென்றும் ஆசைக்கென்றும் கப்பலில் வரவழைத்தவைதான். அவற்றில் ஒன்று மக்கர் செய்தால் தேவசகாயத்திடம் வருவார்கள். சென்னியப்பன் இருபது வருஷம் லாரி எஞ்சினில் கை வைத்தவர். இந்தச் சிவப்புக் கார் ஒருநாள் அவரைத் தாண்டிப் போன சத்தத்தைக் கேட்டுவிட்டு, தன் டீசல் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தேவசகாயத்திடம் வேலை கற்க வந்தார். வயதில் சிஷ்யர்தான் மூத்தவர். அதனால் குரு சிஷ்யரை அண்ணா என்றார். சிஷ்யர் குருவை மேஸ்திரி என்றார்.

ரோட்டரி எஞ்சினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. இடுப்பு சிறுத்த இரண்டு கூடுகள்; ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முக்கோணம் சுற்றிச் சுற்றி வரும். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைகள் இருக்கும். அவை கூட்டின் சுவரை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். காயாமல் இருக்க, இரண்டு சிறு குழாய்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் உள்ளே போகும். போன எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமைக்குச் சில மாதங்களுக்கு முன்பு, தேவசகாயம் அக்கா வீட்டு விசேஷத்துக்கு நாசரேத் போயிருந்த சமயத்தில் டாக்டர் ரஹிமா தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்து விட்டார். கோத்தகிரியில் குடியிருப்பவர். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்.

"புகை வருது. எண்ணெய் வேற குறையுது. மேஸ்திரி வந்ததும் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

லாரிக்காரருக்கு எண்ணெய் குடிக்கிற எஞ்சின் என்றால் நோயாளி என்று அர்த்தம். சென்னியப்பன் காத்திருக்கவில்லை. எண்ணெய் போகும் இரண்டு சிறு குழாய்களையும் கழற்றி, அவை இருந்த துளைகளில் பித்தளைத் திருகாணி வைத்து இறுக்கினார். புகை நின்றது. புகைக்குழாய் பளபளத்தது. டாக்டர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

தேவசகாயம் ஊரிலிருந்து வந்த வாரத்தில் மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்திய கார் மறுபடி கிளம்பவில்லை. கட்டி இழுத்து வந்தார்கள். தெருமுனையில் சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தேவசகாயம் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"யாரு அண்ணா இவ்வளவு சுத்தம் பண்ணினது?"

"நான்தானுங்க மேஸ்திரி. எண்ணெய் குடிச்சுட்டே இருந்துச்சு. பித்தளை ஆணி போட்டு அடைச்சுப்போட்டேன்."

"அப்படியா. வண்டியத் தள்ளுங்க. நான் ஸ்டியரிங் பிடிக்கறேன்."

உச்சி வெயில். பட்டறை வாசலில் ஒரு மேடு. சென்னியப்பன் தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளே கொண்டுவந்து நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தேவசகாயம் இறங்கி வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன அண்ணா, ஒழுகுது?"

"வேர்வைங்க."

"எங்கிருந்து?"

"உடம்பு பூராவுந்தான்."

"அந்தப் பித்தளை ஆணி மிச்சம் இருக்குமா? அடைச்சிரலாம்."

பக்கத்துக் கடை வெல்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துப் போய் ஆணிகளைக் கழற்றினார்.

மறுநாள் எஞ்சினை இறக்கித் தரையில் வைத்தார்கள். தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் அழுத்தமே இல்லை. டாக்டர் போன் செய்தார்.

"மேஸ்திரி, பொள்ளாச்சில ஒருத்தர் இதுல சாதாரண பிஸ்டன் எஞ்சின் மாட்டித் தர்றேங்கறார். பழசை எடைக்குப் போட்டிரலாமாம். வெள்ளிக்கிழமை வர்றேன். வைக்கறதா தூக்கறதான்னு சொல்லிடுங்க."

"சென்னியண்ணன் சொல்வார் டாக்டர்" என்று தேவசகாயம் போனை வைத்தார்.

சென்னியப்பன் நிமிர்ந்தார். "நானா?"

"கை வெச்சது நீங்க. அதனால சொல்றதும் நீங்க."

சென்னியப்பன் தரையில் கிடந்த எஞ்சினைப் பார்த்தார். வைக்கலாம் என்று சொல்லி மறுபடி நின்றுபோனால் டாக்டர் முகத்தில் விழிக்க முடியாது. தூக்கலாம் என்று சொன்னால் அதைக் கொன்றவர் தான்தான்.

"தூக்கிரச் சொல்றேனுங்க மேஸ்திரி. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் தாண்டறதில்ல."

"மலையில அஞ்சுதான்."

"எண்ணெயை எரிக்குது."

"எரிக்கும்."

"கீழ் வேகத்துல இழுவையே இல்லீங்க. எங்க லாரி தூங்கிட்டே இழுக்கும்."

"இழுக்கும்."

"குளிர்ல ஸ்டார்ட் பண்ணி நாலடி நகர்த்தி நிறுத்தினா உள்ள பெட்ரோல்ல நனைஞ்சு போகுது. அப்புறம் கிளம்பறதில்ல."

"அதை விட்டுட்டீங்களோன்னு பார்த்தேன். இன்னொன்னும் இருக்கு. சூடு தாங்காது. ஒரு தடவை தண்ணி கொதிச்சா கூடு வளைஞ்சிரும்."

சென்னியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நீங்களே எடுத்துக் குடுக்கறீங்க. அப்புறம் என்னத்துக்குங்க இந்த எஞ்சின்?"

எஞ்சினை மேஜைக்கு ஏற்றச் சென்னியப்பன் சங்கிலிக் கப்பியை இழுத்துவந்து வைத்திருந்தார். தேவசகாயம் அதைக் காலால் ஒதுக்கினார்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

"கையிலயா?"

"பிடிங்கண்ணா."

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். எஞ்சின் மேஜைக்குப் போய்விட்டது. லாரி எஞ்சினை அசைக்கவே நாலு பேரைக் கூப்பிட்ட சென்னியப்பன் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

பிரித்தார்கள். கழற்றியதை எல்லாம் ஒரு சாக்கில் பரப்பினார்கள். சாக்கு பாதிகூட நிறையவில்லை.

"இதுல சுத்தறது எது அண்ணா?"

"ரெண்டு முக்கோணம். ஒரு தண்டு."

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

"உங்க லாரியில?"

"பிஸ்டன், ராடு, வால்வு, ஸ்பிரிங், ராக்கர், கேம்..." சென்னியப்பன் பாதியில் நிறுத்தினார்.

"பிஸ்டன் மேல போய் என்ன பண்ணும்?"

"நின்னு திரும்பும்."

"கீழ போய்?"

"நின்னு திரும்பும்."

"இது?"

சென்னியப்பன் முக்கோணத்தைக் கையில் எடுத்தார். "இது நிக்கறதே இல்லீங்க."

அதனால்தான் அந்தச் சத்தம். குலுங்காமல், இரையாமல், ஒரே இழையாக ஏறிக்கொண்டே போகிற சத்தம். அதைக் கேட்டுத்தான் அவிநாசியை விட்டு வந்தார். முனையை விரலால் தடவினார். பட்டை தேய்ந்து ஓரத்தில் உடைந்திருந்தது. நிற்காத முனை, எண்ணெய் இல்லாத சுவரில் உரசி உரசிக் கெட்டிருந்தது.

"எல்லாத்துக்கும் காரணம் இந்த முனைதானுங்களா மேஸ்திரி?"

"எதுக்குக் காரணம் அண்ணா? நல்லா ஓடினதுக்கா, கெட்டதுக்கா?"

சென்னியப்பன் முக்கோணத்தைத் துடைத்து மறுபடி சாக்கில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். தேவசகாயம் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

"என்னங்க சென்னியப்பன், வைக்கலாமா?"

"வைக்கலாமுங்க."

"மைலேஜ் கூடுமா?"

"கூடாதுங்க."

"எண்ணெய்?"

"குடிக்கும். குடிச்சாகணும். நான் அதை நிறுத்தினேன். அதனாலதான் இப்படி ஆச்சுங்க. பெட்ரோல் போடறப்ப எல்லாம் எண்ணெய் அளவையும் பாருங்க. அப்புறம், குளிர்ல ஸ்டார்ட் பண்ணினா சூடாகாம நிறுத்திராதீங்க."

டாக்டர் சிரித்தார். "நாங்களும் மயக்கம் தெளிஞ்சவங்களை உடனே திரும்பத் தூங்க வைக்கறதில்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பொள்ளாச்சிக்காரர் மாட்டறது அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாமாம். உங்களால அப்படிச் சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க. இது பார்த்துக்கிட்டே இருக்க வேண்டிய எஞ்சின். பார்த்துக்கறேன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

டாக்டர் சிவப்புக் காரின் காலியான முன்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொள்ளாச்சிக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொன்னார்.

அவர் போன பிறகுதான் சென்னியப்பன் மேஜையில் இருந்த கூடுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு கூட்டின் உள்சுவரில் ஆழமாகக் கீறல் விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் மாட்டியது. புதுப் பட்டை போட்டாலும் அந்தச் சுவரில் நிற்காது. காரைச் செய்த கம்பெனியே இப்போது புதுக் கூடு செய்வதில்லை. கூட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

தேவசகாயம் டீயோடு வந்தார். கூட்டைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வைக்கலாம்னு சொல்லிப்போட்டேனுங்க. பார்த்துக்கறேன்னும் சொல்லிப்போட்டேன். இப்பத்தான் பார்க்கறேன், கூடு போயிருச்சு."

தேவசகாயம் டீயை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். மூலையில் தார்ப்பாய் மூடிய ஒன்று இருந்தது. அது அவர் வேலை கற்ற எஞ்சின். முழு எஞ்சின். பந்தயக்காரர்கள் எத்தனையோ பேர் கேட்டும் அவர் ஒரு திருகாணி தந்ததில்லை. தார்ப்பாயை உருவிக் கீழே போட்டார்.

"ஸ்பேனரை எடுத்துட்டு வாங்க."

"மேஸ்திரி, இது உங்களுதுங்க. வேண்டாம்."

"டாக்டர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கீங்க."

"நான் பண்ணின தப்புக்கு உங்க எஞ்சினைப் பிரிக்கறதா? பிரிச்சா உங்களுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாதுங்களே."

தேவசகாயம் அந்த எஞ்சினின் புகைவாயில் விரலை விட்டு எடுத்து, சென்னியப்பனிடம் நீட்டிக் காட்டினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சும்மா இருக்கிற எஞ்சின் எண்ணெய் குடிக்காது அண்ணா. பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு."

சென்னியப்பன் ஸ்பேனரை எடுத்துவந்தார். சிவப்புக் கார் மறுபடி புகைவிட்டது அந்தச் சனிக்கிழமைதான்.

கணபதிப் பட்டறையில் இப்போது ரோட்டரி எஞ்சின் ஒன்றுகூட இல்லை. கோத்தகிரியில் டாக்டர் காரில் ஒன்று ஓடுகிறது.