கொல்லக் கொடுத்த கறுப்பும் வெள்ளையும்

கதைக்குள் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் கோழிகளின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

கொடைக்கானல் மலையில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர் தொபியாஸ். அவர் மனைவி ரெஜினா ஆர்பிங்டன் கோழி வளர்த்தாள். குளிருக்கென்றே பிறந்த சீமைக் கோழி அது. உடம்பெல்லாம் இறகு மண்டி, கால் இருப்பதே தெரியாது. ரெஜினாவிடம் இருந்தவை நீல நிறக் கோழிகள். நீலம் என்றால் வானத்து நீலம் இல்லை. ஸ்லேட்டுப் பலகையின் நிறம், ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் ஒரு கருங்கோடு. அதைப் பார்ப்பதற்கென்றே மதுரையிலிருந்து ஆட்கள் மலையேறி வருவார்கள்.

ஆனால் அந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தாலும், பன்னிரண்டு குஞ்சு பொரித்தால் ஏறக்குறைய ஆறுதான் நீலமாக இருக்கும். மூன்று கறுப்பு, மூன்று மை தெறித்தாற்போன்ற வெள்ளை. ரெஜினா எல்லாவற்றையும் ஒன்றாகவே வளர்த்தாள், எதையும் கழித்ததில்லை. அவளுக்கு இளகிய மனசு என்று கணவர் நினைத்துக்கொண்டார்.

நோயில் விழுந்து சாகும் தறுவாயில் அவள் கேட்டது ஒன்றுதான், தன் நீலம் அற்றுப்போகக் கூடாது. தொபியாஸ் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மனிதர் செய்த முதல் காரியத்தில்தான் வினையே ஆரம்பித்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்தால் நீலம் கெட்டுவிடும் என்று பயந்தார். கோழிகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வேலைக்கு வந்திருந்த பவளக்கொடியை அழைத்து, நிறம் தப்பியவற்றையெல்லாம், குஞ்சாக இருந்தால் மூன்று மாதம் ஆனதும், கொண்டுபோய்க் குழம்பு வைத்துக்கொள் என்றார். ஒன்றுகூட உயிரோடு இருக்கக் கூடாது என்றும் சொன்னார். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

பவளக்கொடி கோழி அறுக்காதவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறியை விடாதவள். ஆனால் முதல் தடவை ஒரு வெள்ளைக் குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு அரிவாள்மனையைத் தேடியபோது, அது அவள் சேலைக்குள் தலையைச் செருகித் தூங்கிவிட்டது. நாட்டுக்கோழியாக இருந்தால் கையைக் கொத்திக் குதறியிருக்கும். நம்பித் தூங்குகிறதை எப்படி அறுப்பது? அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பிறகு வந்தவையும் அங்கேதான் போயின. அவற்றில் ஒன்றைக்கூட அவள் ரெஜினாவின் கூட்டுப் பக்கம் திரும்பக் கொண்டுவரவில்லை. தொபியாஸ் ஒவ்வொரு தடவையும் குழம்பு வைத்தாயிற்றா என்று கேட்பார். ஆச்சுங்க ஐயா என்பாள்.

மூன்றாம் வருடம் அக்காள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. கறுப்புச் சேவலுக்கும் வெள்ளைப் பெட்டைகளுக்கும் குஞ்சு பொரித்தது. ஒன்று விடாமல் அத்தனையும் நீலம். பவளக்கொடி ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. சொன்னால் பொய் வெளிவந்துவிடும். வாயைத் திறக்கவில்லை.

அந்த ஐப்பசியில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. எட்டே நாளில் தொபியாஸின் கூடு காலி. கடைசி நீலப் பெட்டையைத் தன் கையாலேயே குழியில் இறக்கிவிட்டு, செத்தவளுக்குக் கொடுத்த வாக்குப் போயிற்றே என்று அவர் வாய்விட்டு அழுதார். பவளக்கொடி பக்கத்தில் நின்று மண்ணைத் தள்ளினாள். அங்கேயும் தொற்றிவிடக் கூடாதென்று, நோய் நிற்கும்வரை அவள் அக்காள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே பத்து நீலக் குஞ்சுகள்.

"எங்கேயிருந்து வந்துச்சு?"

"நீங்க அறுக்கச் சொன்னதுலேருந்துதாங்க ஐயா."

அவருக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். மூன்று வருடம் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாயா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். குஞ்சுகளோடு அந்தக் கறுப்பையும் வெள்ளைகளையும் கொண்டுவந்து விட்டுவிடு, அவை ரெஜினாவின் வம்சம் என்றார்.

"குஞ்சுகளை வச்சுக்கங்க. தாய் தகப்பனைத் தர மாட்டேன். சாகக் குடுத்ததைத்தான் நான் வளர்த்தேன்."

"கொல்லத்தான் குடுத்தேன், வளர்க்கக் குடுக்கல. சொன்ன சொல்லை நீ மீறினப்பவே நான் குடுத்தது செல்லாது."

இருவரும் கோயிலில் வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீலக் குஞ்சு பொரித்தபோதே ஏன் சொல்லவில்லை என்று பவளக்கொடியிடம் ஒரு கேள்வி கேட்டார். பொய் வெளிவந்துவிடும் என்று பயந்தேன் என்றாள். ரெஜினா ஏன் ஒன்றையும் கழிக்கவில்லை என்று தொபியாஸிடம் கேட்டார். அவளுக்கு இளகிய மனசு என்றார் அவர்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இதில் யார் செய்தது சரி? அந்தக் கறுப்புச் சேவலும் வெள்ளைப் பெட்டைகளும் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: அவை பவளக்கொடிக்கே. கழுத்தை அறுக்கச் சொல்லிக் கொடுத்தவருக்கு, பிழைத்துவிட்ட உயிரின்மேல் உரிமை இல்லை. அவர் பயந்ததெல்லாம் நீலத்தோடு கலந்துவிடுமே என்றுதான். அந்தக் கலப்பு நடக்காமல் அவள் காத்தாள். ஆனால் செய்தது முழுக்கச் சரி என்று அவளையும் சொல்ல முடியாது. நீலக் குஞ்சு பொரித்தபோதே வாயைத் திறந்திருந்தால் அந்தக் குழியோரம் அவர் அப்படி அழுதிருக்க வேண்டாம். அந்தப் பொய்க்கும் மௌனத்துக்கும் அவள் கட்டும் அபராதம்தான் பத்துக் குஞ்சுகள். ரெஜினாவுக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றியது சத்தியம் செய்தவர் இல்லை என்பதைத் தொபியாஸ் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பத்தும் வளர்ந்து முட்டையிடும்போது மறுபடியும் கறுப்பும் வெள்ளையும் பொரியும். கறுப்பிலும் வெள்ளையிலும் நீலம் ஒளிந்திருக்கிறது என்று ரெஜினாவுக்குத் தெரிந்திருந்தது அவருக்கும் தெரிந்துவிட்டதா என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.