பொங்காத பால்

“மூணு நாளா வெக்கிறேன், அம்மணி. மூணு நாளும் திரிஞ்சு போச்சு.”

சொன்னவர் திருமலைச்சாமி. ஊர் பால் சொசைட்டியில் முப்பத்திரண்டு வருஷம் பால் சோதித்தவர். வயது அறுபத்து மூன்று.

கேட்டவள் பல்கீஸ். தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவை வாங்கி, வறுத்து, அரைத்து, சாக்லேட் செய்கிறவள். வயது இருபத்தொன்பது.

குருவுக்கு நரைத்த தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

“என்னத்தை வெச்சீங்க?”

“ஹாட் சாக்லேட். மாட்டுப்பால் இல்லாம. தேங்காப்பால்ல.”

“உங்களுக்கா?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எம் பொண்ணுக்கு.”

மகள் பெயர் மிருதுளா. மூன்று வருஷத்துக்கு முன்னால் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், நெய் எதுவும் இனி வேண்டாம் என்றாள். அதோடு விட்டிருந்தால் அவரும் விட்டிருப்பார். “பொறக்கற காளைக் கன்னையெல்லாம் எங்கப்பா அனுப்பறீங்க?” என்று ஒரு கேள்வியும் கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“பால்ல வளர்ந்த உடம்பு இது. பால் வேண்டாம்னா இந்த வீடும் வேண்டாம்னு போ” என்றார்.

அவள் போய்விட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்க வருவாள். அம்மா போடும் சோற்றைச் சாப்பிடுவாள். அப்பா நீட்டினால் தண்ணீர்கூட “வேண்டாம்ப்பா” என்பாள்.

“நாளைக்கு வாரா” என்றார். “சின்னப் புள்ளையில தெனமும் காத்தால நாந்தான் அவளுக்குச் சாக்லேட் பால் ஆத்திக் குடுப்பேன். அதையே, அவ குடிக்கற மாதிரி...”



“வீட்டுல அம்மாவுக்குத் தெரியுமே? பாயசத்துக்குத் தேங்காப்பால் ஊத்துவாங்கல்ல?”

“கேட்டனே. ‘நான் வெச்சாக் குடிச்சிருவா. நீங்க வெச்சதைக் குடிப்பாளாங்கறதுதானே கேள்வி? போயிக் கத்துக்கிட்டு வாங்க’ன்னுட்டா.”

பல்கீஸ் சிரித்தாள். ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் பிழிந்து கொடுத்து, தன் பட்டறை அடுப்பைக் காட்டினாள்.

“வைங்க. பார்க்கறேன்.”

திருமலைச்சாமி சட்டைப்பையிலிருந்து பால் சோதிக்கும் லாக்டோமீட்டரை எடுத்தார். கிண்ணத்தில் விட்டார். குனிந்து அளவைப் பார்த்தார்.

“தண்ணி கலந்திருக்குது.”

“ஆமாங்கய்யா. தேங்காயை நம்பவே கூடாது.”

அவர் வெட்கத்தோடு அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கோகோத் தூளையும் நாட்டுச் சர்க்கரையையும் வெந்நீரில் குழைத்தார். தேங்காய்ப்பாலை ஊற்றினார். அடுப்பில் ஏற்றிவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பார்க்கறீங்க?”

“பொங்கட்டும்.”

பல்கீஸ் அடுப்பை அணைத்தாள்.

அவர் பற்றவைத்தார். அவள் மறுபடி அணைத்தாள்.

“இன்னும் பொங்கவே இல்லையே, அம்மணி!”

“பொங்கோணுமா?”

“பொங்காம எறக்குனா அது பச்சைப் பால். முப்பத்திரண்டு வருஷமா ஊருக்கே சொல்லியிருக்கேன்.”

அவரே மறுபடி பற்றவைத்தார். இந்தமுறை கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

பால் கொதித்தது. தளதளவென்று கொதித்தது. எண்ணெய் தனியே மிதந்தது, சக்கை தனியே ஒதுங்கியது.

“நாலாவது நாள்” என்றாள்.

திருமலைச்சாமி அங்கிருந்த சாக்குமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“பொங்குனாக் கண்ணுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி எறக்கோணும்னா, எதைப் பார்த்து எறக்கறது?”

பல்கீஸ் இன்னொரு தேங்காயை உடைத்தாள். துருவினாள், அரைத்தாள், பிழிந்தாள். கோகோவும் சர்க்கரையும் குழைத்துச் சேர்த்தாள். சிறு தீயில் வைத்தாள்.

பிறகு எழுந்து வரச் சொல்லி, அவருடைய வலது கையைப் பிடித்துப் பாத்திரத்துக்கு மேலே நீட்டினாள்.



உள்ளங்கையில் இளஞ்சூடு வந்தது. ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. கை தானாக விலகப் பார்த்தது.

“இப்ப” என்றாள் பல்கீஸ்.

அவர் இடது கையால் அடுப்பை அணைத்தார்.

குடித்துப் பார்த்தார். வழுவழுவென்று இறங்கியது. திரியவில்லை.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாங்கய்யா.”

மறுநாள் பதினோரு மணிக்கு மிருதுளா வந்தாள். பையைக் கூடத்தில் வைத்தாள். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். பின்வாசலில் நின்று மாட்டுக்கொட்டகையை எட்டிப் பார்த்தாள்.

திருமலைச்சாமி சமையலறையில் இருந்தார். அடுப்பில் பாத்திரம். அதற்கு மேல் அவர் கை.

“அப்பா, செவலை மாடு கன்னு போட்டிருக்குன்னு அம்மா சொன்னாங்களே. கன்னு எங்க?”

அதே கேள்வி.

அதே பதிலும் அவருக்குள் தயாராக இருந்தது. உன்னை எது படிக்க வைத்தது, உனக்கு என்ன தெரியும், யார் வீட்டில் நின்று யாரைக் கேட்கிறாய். ஒவ்வொன்றாக நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

உள்ளங்கையில் சூடு ஏறியது.

அவர் அடுப்பை அணைத்தார்.

“காளைக் கன்னு, கண்ணு. போன மாசம் வித்துட்டேன்.”

வேறெதுவும் சொல்லவில்லை.

மிருதுளா சண்டைக்குத் தயாராக வந்தவள். மூன்று வருஷமாகப் பதிலுக்குப் பதில் சேர்த்து வைத்திருந்தவள். கொஞ்ச நேரம் கொட்டகையைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு சமையலறை வாசலுக்கு வந்தாள். அம்மா ஒதுங்கி வழிவிட்டாள்.

அவர் டம்ளரில் ஊற்றி, இரண்டுமுறை ஆற்றினார். தரையில் கொஞ்சம் சிந்தியது.

“தேங்காப்பால்தான்” என்று நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கியதற்கே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு வாய் குடித்தாள்.

“நாக்கே சுடலை. கொதிக்க விடலையாப்பா?”

“கொதி வரப் பார்த்துச்சு. அதுக்குள்ள எறக்கிட்டேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நின்றபடியே டம்ளர் முழுவதையும் குடித்து முடித்தாள்.

“இன்னும் இருக்கா?”

“ஒரு டம்ளருக்குத்தான் வெச்சேன். நீ குடிப்பேன்னு நெனைக்கலை.”

“அப்ப இன்னொருக்கா வைங்க. எனக்கும் கத்துக் குடுங்க.”

அவர் மறுபடி தேங்காய் உடைத்தார். அவள் துருவினாள். பால் அடுப்பில் ஏறியது.

“எப்ப எறக்கறதுப்பா?”

அவர் மகளின் கையைப் பிடித்துப் பாத்திரத்துக்கு மேலே நீட்டினார்.