காவித் தொட்டில்

ஆற்றங்கரை மடத்துச் சாமி தூங்கி யாரும் பார்த்ததில்லை. விடியுமுன்னே குளிக்கப் போகிறவர்கள் பார்த்தாலும் உட்கார்ந்திருப்பார், உச்சி வெயிலில் ஊரே சுருண்டு கிடக்கும்போது பார்த்தாலும் உட்கார்ந்திருப்பார். யோகம் முற்றியவருக்குத் தூக்கம் எதற்கு என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இந்தப் பெருமையை அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கொண்டு சேர்த்தவன் தாணுலிங்கம்.

தாணுலிங்கம் சாமியின் முதல் சீடன். கடைத்தெருவில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தான். காலையும் மாலையும் மடத்துப் பூசைக்கு வந்துவிடுவான். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவன் கடை வசம்பைக் கையில் கட்டிக்கொண்டு வளர்ந்தவை. வயிறு உப்பினால் என்ன தடவ வேண்டும், சளி கட்டினால் எதில் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று கேட்காமலே சொல்லுவான். அவனுக்கு மட்டும் பிள்ளை இல்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவன் மனைவி ஆவுடைக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. சாமி விபூதியில் பிறந்த பிள்ளை என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான் தாணுலிங்கம். பெற்றது ஆவுடை.

அந்தப் பிள்ளைதான் தூங்க மாட்டேன் என்றது.

மடியில் கிடந்தால் கண் செருகும். தொட்டிலில் போட்டால் வீல் என்று கத்தும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல், பிறந்தபோது இருந்த சதையும் வற்றத் தொடங்கியது. ஆவுடை அடுப்படியில் நின்றபடியே தூங்கி விழுந்தாள்.

தாணுலிங்கம் கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்தான். விளக்கெண்ணெயை உச்சியில் வைத்தான். வசம்பைச் சுட்டுத் தொப்புளைச் சுற்றிப் பூசினான். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டான். வீடெல்லாம் இருமியது, பிள்ளை இன்னும் உரக்கக் கத்தியது. ஊருக்கெல்லாம் கேட்கிற மருந்து தன் வீட்டில் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அவனுக்குப் புரியவே இல்லை.

"மருந்தை விடுங்க. தொட்டில் துணிய மாத்துங்க," என்றாள் ஆவுடை.

"அது என்ன துணின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன. சாமி துணி."

அது சாமி உடுத்திக் கழித்த காவி. பிள்ளை பிறந்த செய்தியைச் சொன்ன அன்று காலில் விழுந்து கேட்டு வாங்கிவந்தான். பூசையறையில் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, அதன்பிறகுதான் உத்தரத்தில் கட்டினான். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு தொட்டில் வாய்க்கும் என்று அவனுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

"என் பழைய சேலை கிடக்கு. அதுல கட்டுங்க. எல்லா வீட்டுலயும் அப்படித்தானே கட்டுதாங்க?"

"கை துடைச்ச துணியில போடத்தான் இத்தனை வருசம் தவம் கிடந்தோமா?"

ஆவுடை பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க சாமியக் கேட்டுட்டு வாங்க. இன்னைக்குள்ள ஒரு வழி தெரியலன்னா பிள்ளையத் தூக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். பிறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அவள் சொன்னால் செய்கிறவள். தாணுலிங்கத்துக்கு அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சாமி கொடுத்த பிள்ளை சாமி துணியில் கிடக்க மாட்டேன் என்றால், கொடுத்தது திரும்பிப் போகப் பார்க்கிறதோ? இதை ஆவுடையிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மடத்துக்கு ஓடினான்.

சாமி மண்டபத்தில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, பிள்ளை தூங்க மாட்டேங்கு. நாளுக்கு நாள் இளைக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல."

"எதுல போடுத?"

"தொட்டில்லதான் சாமி. உங்க காவியில கட்டியிருக்கேன்."

சாமியின் விரல்கள் அரிசியில் நின்றன.

"என் துணியிலயா?"

"ஆமா சாமி."

"தொட்டிலுக்குன்னு எங்கிட்டச் சொல்லலியே நீ."

தாணுலிங்கம் விழித்தான். இதில் சொல்ல என்ன இருக்கிறது? சாமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "உன் சம்சாரத்தோட சேலை ஒண்ணு எடுத்துட்டு வா," என்றார்.

சரியாகத்தான் கேட்டோமா என்று தாணுலிங்கத்துக்குச் சந்தேகம். மடத்துச் சுவரில் ஒரு பெண் ஈரச் சேலையைக் காயப்போட்டாலே சத்தம் போட்டு எடுக்கச் சொல்லுகிறவன் அவன். சாமியே சேலை கேட்கிறார். கேட்டவர் சாமி ஆயிற்றே, ஏதாவது பரிகாரமாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். சாமிக்குக் கொடுக்கிற சேலை லேசுப்பட்டதாக இருக்கலாமா? பெட்டியைத் திறந்து கூறைப்பட்டுச் சேலையை எடுத்து, தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தான்.

சாமி தொட்டுப் பார்த்தார்.

"இதை எத்தனை தடவை உடுத்தியிருக்கா?"

"கல்யாணத்தன்னைக்கு உடுத்தினதுதான் சாமி. அப்புறம் பெட்டியிலயே பத்திரமா இருக்கு."

"வேற கொண்டா. பழசு."

பழசு என்றால் பழசு. ஆவுடையின் நூல்சேலை ஒன்றை எடுத்தான். அப்படியே கொண்டுபோக மனசு கேட்கவில்லை. ஆற்றில் அடித்துத் துவைத்து, சுடுமணலில் விரித்துக் காயவைத்து, விபூதி தூவி, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து நீட்டினான்.

சாமி அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல யாரும் இல்லையேடே."

"சேலைக்குள்ள யாரு சாமி இருப்பா?"

சாமி சேலையை அவன் கையிலேயே வைத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.

தாணுலிங்கம் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தான். புதுசு ஆகாது. பழசும் ஆகாது. இதற்குள் ஏதோ பெரிய தத்துவம் இருக்க வேண்டும், தன் மண்டைக்குத்தான் எட்டவில்லை. வீட்டுக்குள் பிள்ளை கத்துகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. தத்துவம் மறந்துபோய் ஓடினான்.

"சாமிக்கு என்ன வேணும்னே தெரியல, ஆவுடை. சேலை கேக்காரு. குடுத்தா, இதுல யாரும் இல்லையேங்காரு."

ஆவுடை அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்க சாமிக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல. நகருங்க."

காலையில் அவிழ்த்துப் போட்ட சேலை கொடியில் கிடந்தது. மார்புப் பக்கம் பால் காய்ந்து மொடமொடப்பாக இருந்தது. முந்தானையில் மஞ்சளும் பெருங்காயமும். அதை உருவித் தோளில் போட்டாள். தொட்டிலில் இருந்த காவியை அவிழ்த்து அவன் கையில் திணித்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். தாணுலிங்கம் பின்னால் ஓடினான்.

"ஏ, அதை மடத்துக்குள்ள கொண்டுபோகாத. பாவம் வந்து சேரும்."

"வரட்டும். இடுப்புல ஒண்ணு இருக்கு, அது கூட அந்தப் பாவத்தையும் தூக்கிக்கிடுதேன்."

மண்டபத்தில் அவள் விழுந்து கும்பிடவில்லை. கைப்பிள்ளையோடு எப்படி விழுவாள்?

"சாமி, இதானே கேட்டீங்க?"

சாமி எழுந்து அந்தச் சேலையை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரே கண்ணில் ஒற்றிக்கொள்கிற துணியை உடுத்தியவர், பால் வீச்சம் அடிக்கிற அழுக்குச் சேலையைக் கண்ணில் ஒற்றுகிறார். எது சுத்தம், எது அழுக்கு என்று தாணுலிங்கம் இத்தனை நாள் படித்ததெல்லாம் கலங்கிப்போயிற்று.

சாமி உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். சேலையை மேலே வீசி, மறுமுனையை எட்டிப் பிடித்து, இழுத்து முடிச்சுப் போட்டார். ஒரு கையால் தொங்கிப் பார்த்தார். விழுந்தாலும் அடிபடாத உயரத்துக்கு இறக்கினார். துணி முகத்தை மூடாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பைச் செருகி, அது நழுவாமல் ஓரத்தைச் சுருட்டிவிட்டார். தாணுலிங்கம் வீட்டில் இதே காரியத்தைச் செய்து முடிக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் வரவேண்டியிருந்தது.

"சாமிக்குத் தொட்டில் கட்டத் தெரியுமா?" என்றான் தாணுலிங்கம்.

"கை மறக்கல போல."

ஆவுடை சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். தாணுலிங்கம் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளையைப் போட்டார்கள். அழுவதற்கு வாயைத் திறந்தது. தாணுலிங்கம் காதைப் பொத்தத் தயாரானான். பிள்ளை கன்னத்தைத் திருப்பித் துணியில் உரசியது. மூக்கைத் தேய்த்தது. உதட்டைச் சப்புக்கொட்டியது. அப்படியே கண் செருகி, கைவிரல் ஒவ்வொன்றாக விரிந்து, தூங்கிப்போனது.

சாமி தொட்டிலை ஒரே ஒரு தரம் ஆட்டினார். பிறகு சுட்டுவிட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

ஆவுடை தூணில் சாய்ந்து, தொட்டில் ஓரத்தைப் பிடித்தபடி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். தாணுலிங்கத்துக்குக் கண்ணீர் வந்தது. பிள்ளை தூங்கிவிட்டதே என்று சந்தோஷம். கூடவே சாமிக்காகக் கொஞ்சம் மனவருத்தம். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?"

"மெதுவாக் கேளு."

"ஊரே கும்பிடுத துணி உங்க துணி. அதுல கிடந்து ஏன் சாமி அழுதது?"

சாமி அவன் கையில் இருந்த காவியைக் காட்டினார்.

"அது வீட்டை விட்டு வந்தவன் துணிடே. பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு."

தாணுலிங்கத்துக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. கையில் இருந்த காவியைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான்.

"எங்க போற?"

"துவைச்சுக் கொண்டாறேன் சாமி. பால் கக்கியிருக்கு, மூத்திரமும் போயிருக்கு."

"இங்க வை."

"வாடை அடிக்கு சாமி."

"வச்சிட்டு உன் வேலையப் பாரு."

வைத்துவிட்டு வந்தான். பொழுது சாய்வதற்குள் ஆவுடை அந்தத் தொட்டிலை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலை தாணுலிங்கம் பூக்கூடையோடு மடத்துக்கு வந்தபோது படித்துறையில் ஈரத்துணியோடு ஒரு கூட்டம் நின்றது. பூசை மணி கேட்கவில்லை. சன்னிதிக் கதவு சாத்தியபடி இருந்தது. சாமி சமாதியாகிவிட்டார் என்று ஒருவர் கிசுகிசுத்தார். இல்லை, இது அதற்கும் மேலான நிலை என்றார் இன்னொருவர். தாணுலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனான்.

சாமி தரையில் கிடந்தார். முழங்காலை மார்போடு ஒட்டிச் சுருட்டி, காவியைக் காதுவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். தாணுலிங்கம் பயந்துகொண்டே மூக்கருகில் விரலை நீட்டினான்.

சாமி குறட்டை விட்டார்.

இதை வெளியே நிற்கிற ஊருக்கு எப்படிச் சொல்லுவது? இத்தனை வருசமாக அவன்தானே தூங்காத சாமி என்று பறைசாற்றியவன். தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளியில் நின்றவர்கள் பார்த்துப் பார்த்துக் கலைந்து போனார்கள்.

வெயில் தூணைத் தாண்டி வந்து பாதத்தில் சுட்டபோது சாமி கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"பூசை நேரம் தப்பிருச்சு சாமி."

"ம்."

"உடம்புக்கு என்னமும் செய்யுதா?"

"ஒண்ணுமில்ல. பிள்ளை தூங்குச்சா?"

"நல்லாத் தூங்குச்சு சாமி. ஆவுடையும் தூங்கினா."

"நல்லது."

தாணுலிங்கம் சாமியின் முகத்தைப் பார்த்தான். கன்னத்தில் துணியின் மடிப்பு பதிந்திருந்தது. அதே இடத்தில் துணியில் காய்ந்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. நேற்று உத்தரத்தில் விழுந்த முடிச்சு ஞாபகம் வந்தது. தொட்டிலில் இருந்து சுட்டது போல எடுத்த கையும் ஞாபகம் வந்தது. சாமி விட்டு வந்த வீட்டிலும் ஒரு தொட்டில் ஆடியிருக்குமோ? ஆனால் அதைச் சாமியிடம் கேட்கும் துணிச்சல் அவனுக்கு இல்லை.

வேறு வழியில்லாமல் கையை நீட்டினான்.

"அந்தத் துணியக் குடுங்க சாமி. துவைச்சுப் போடுதேன்."

சாமி காவியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்டே," என்றார். "இதுல ஆள் இருக்கு."