குண்டு துளைக்காத வண்டியில் ஏழு வருஷம்

டென்சிங் அண்ணாச்சி தன் வாய்க்குன்னு தனியா ஒரு லைசென்ஸ் எடுத்திருக்கணும். எடுக்காமலேயே ஓட்டிக்கிட்டு இருக்காரு. எங்க டாக்சி ஸ்டாண்டுல எல்லாருக்கும் அந்த ஒரு வருத்தம்தான்.

எங்க ஸ்டாண்டு இருக்கது வாகைக்குளம் ஏர்போர்ட் வாசல்ல. போன புரட்டாசியில ஒருநாள் காலையில தூத்துக்குடியிலிருந்து பிரிசில்லான்னு ஒரு மேடத்த ஏத்திட்டு வந்தேன். முந்திரிக் கம்பெனியில தரம் பாக்குறவங்க. கொட்டையக் கையில வச்சுக் குலுக்கினாலே உள்ள பருப்பு எப்படி இருக்குன்னு சொல்லிருவாங்களாம். மேற்கு ஆப்பிரிக்காவுல ஒரு நாட்டுல இவங்க கம்பெனிக்குன்னு கொட்டை கப்பலேறப் போகுது. ஏறுறதுக்கு முன்னால ஒரு ஆளு நேர்ல பாத்துக் கையெழுத்துப் போட்டாகணும். வழக்கமாப் போறவருக்குக் காலு முறிஞ்சு போச்சு. இவங்களுக்கோ பாஸ்போர்ட்டே இந்த வருஷம்தான் வந்திருக்கு.

வழி நெடுக ஒரு பேப்பர்க் கட்ட வாசிச்சுக்கிட்டே வந்தாங்க. கம்பெனி குடுத்தது.

"தம்பி, இதக் கேளுங்க. 'உங்களை அழைத்துச் செல்லும் வாகனம் குண்டு துளைக்காதது. ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் உடன் வருவார். எக்காரணம் கொண்டும் கண்ணாடியை இறக்க முயல வேண்டாம்.' நல்ல ஊரா இருந்தா இதெல்லாம் எதுக்குத் தம்பி?"

ஏசியக் கொஞ்சம் கூட்டி வச்சேன்.

வந்து எறங்கினா, சென்னையில மழையாம், பிளைட்டு ரெண்டு மணி நேரம் லேட்டு. மேடம் டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டாங்க. கையில போனு. மேனேஜர் நம்பர எடுக்காங்க, வைக்காங்க. எடுக்காங்க, வைக்காங்க. "உடம்பு சரியில்லன்னு சொல்லிரட்டுமா தம்பி?"ன்னு எங்கிட்டயே கேக்காங்க. பாவமாப் போச்சு. வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். நான் சொல்லிட்டேன்: "மேடம், எங்க டென்சிங் அண்ணாச்சி அந்தப் பக்கத்துலதான் ஏழு வருஷம் பாதுகாப்பு வண்டி ஓட்டினாரு. அவருகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

அவ்வளவுதான். அண்ணாச்சி கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு வந்து நின்னுட்டாரு. கூடவே இசக்கிமுத்தும் வந்தாரு. அவரு பழைய லாரி டிரைவரு, அண்ணாச்சி வயசுதான். அண்ணாச்சி வாயத் தெறந்தா இவரு போய்ப் பக்கத்துல உக்காந்துருவாரு, மீன் வெட்டுற எடத்துல பூனை உக்காந்திருக்க மாதிரி.

"தங்கச்சி, மொதல்ல வண்டியப் பத்திச் சொல்லுதேன்"ன்னு ஆரம்பிச்சாரு அண்ணாச்சி. "எட்டு டன்னு. கதவு ஒண்ணே நானூறு கிலோ. காலையில கதவு கைப்பிடிய இழுத்து விட்டுட்டுப் போயி டீ குடிச்சிட்டு வந்தா, அப்பத்தான் பாதி தெறந்திருக்கும். கண்ணாடி இருக்கே, இம்புட்டுத் தடி. போன வாரம் ரோட்டுல போனவன் இன்னைக்குத்தான் கண்ணாடி வழியாத் தெரிவான்."

"அப்போ எப்படிவே வண்டிய ஓட்டினீரு?"ன்னாரு இசக்கிமுத்து.

"இந்த வாரம் போற ரோட்ட போன வாரமே பாத்து வச்சுக்கிடணும்வே. அதுக்குத்தான சம்பளம்."

மேடம் இன்னும் போனத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அண்ணாச்சி அதக் கவனிச்சாரு. குரல ஒரு கியர் ஏத்தினாரு.

"என் வண்டியில மொத மொதல்ல ஏறினது கொல்லத்துக்காரரு ஒருத்தரு. முந்திரி முதலாளி. ஏர்போர்ட்ட விட்டு வெளிய வந்து கா மணி நேரம் ஆகல, ரெண்டு பக்கமும் சுட ஆரம்பிச்சுட்டான். எழுபது எண்பது குண்டு. உள்ள ஒரு சத்தம் கேக்கணுமே! முதலாளி கண்ண முழிச்சு, 'டென்சிங்கு, மழையா பெய்யுது?'ன்னாரு. ஆமா முதலாளின்னு சொல்லி வைப்பரப் போட்டேன். அம்புட்டுக் குண்டையும் வழிச்சு எறிஞ்சிது பாருங்க, சுட்டவன் அத்தன பேரும் தலையில கையி வச்சுக்கிட்டு ஓடுதான்."

"வைப்பர் முன்னாலதான இருக்கு. ரெண்டு பக்கமும் சுட்டான்னுல்லா சொன்னீரு?"

"வண்டியத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்வே. மூணு சுத்து."

மேடம் ஒதட்டு ஓரத்துல லேசா ஒரு சிரிப்பு. போன மடியில வச்சாங்க. "அந்தக் காவலருன்னு போட்டிருக்கே, அவரு எப்படிண்ணே இருப்பாரு?"

"மூசான்னு ஒருத்தன். ஏழடி. தங்கமான மனுசன், ஆனா வேலையில ரொம்பக் கண்டிப்பு. ஹோட்டல் ரூமுக்குள்ள மொதல்ல அவன் போவான். கட்டிலுக்கு அடியில பாப்பான், பீரோவத் தெறப்பான், மெத்தையில படுத்துப் பாப்பான். முதலாளிக்குக் காப்பி வந்தா மொதல்ல இவன் குடிச்சுப் பாப்பான். வெசம் கிசம் கலந்திருந்தா? கோழி வந்தா இவன் தின்னு பாப்பான். ஒரு துண்டுல இல்லாட்டாலும் இன்னொரு துண்டுல இருக்கலாம்லா? முழுசாத் தின்னாத்தான் தெரியும். ஒரு வாரத்துல முதலாளி நாலு கிலோ கொறஞ்சாரு, மூசா ஒம்பது கிலோ ஏறிட்டான். முதலாளி தூங்கினாலும் விட மாட்டான். அவருக்கு வர்ற கனவ இவன் மொதல்ல கண்டு, ஒண்ணுமில்ல, நல்ல கனவுதான்னு தெரிஞ்சப்புறம்தான் உள்ள அனுப்புவான்."

மேடம் சிரிச்சிட்டாங்க. டீ மூக்குல ஏறிடுச்சு.

இசக்கிமுத்து அவங்க முதுகத் தட்டப் போயி, பொம்பளப் பிள்ளையாச்சேன்னு கைய இழுத்துக்கிட்டாரு. "அவன் கண்ட கெட்ட கனவெல்லாம் என்ன ஆச்சு?"

"அவன் வேலைய விட்டுட்டுப் போயி சோசியக்காரனா ஆயிட்டான். நல்ல வரும்படி. குறுக்க பேசாதயும்."

அடுத்தது சந்தை ரோட்டு விவகாரம். அண்ணாச்சி எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கப் பிடிச்ச மாதிரிப் பிடிச்சுக்கிட்டாரு.

"கொட்டைச் சந்தைக்குப் போற வழி. ரெண்டு பக்கமும் காடு. நடுரோட்டுல பன்னெண்டு ஜீப்ப நிறுத்தி வச்சிருக்கான். முதலாளியத் தூக்கணும், அதான் திட்டம். திருப்பலாம்னா எடம் இல்ல. போட்டேன் ரிவர்சு. நூத்தி நாப்பதுல பின்னாலயே வாறேன், பன்னெண்டு ஜீப்பும் முன்னால தொரத்துதான். அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் ஓட்டுதேன், டாட்டா காட்டுதேன். இப்படியே முந்நூறு கிலோமீட்டர். மீட்டரு பின்னால ஓடி ஓடி சைபருக்கு வந்துட்டு. வண்டி புதுசாயிட்டு தங்கச்சி! கம்பெனியில எடுத்தப்ப சீட்டுல போட்டிருப்பான்லா பாலித்தீன் கவரு, கிழிச்சுப் போட்ட கவரு, அது திரும்ப வந்து மூடியிருக்கு. திரும்பிப் பாக்குதேன், முதலாளி தலையில ஒரு நரை இல்ல."

"இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தீருன்னா, அவர இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுல்லா வந்திருக்கணும்"ன்னாரு இசக்கிமுத்து.

"அதுக்குத்தான்வே பிரேக்கப் போட்டேன். பால் புட்டிக்கு எங்க போக?"

ஸ்டாண்டுல மத்த டிரைவருங்களும் வந்து சுத்தி நின்னுட்டானுங்க. மேடம் கண்ணத் தொடச்சிக்கிட்டு, "அப்புறம் கொட்டை வாங்கினீங்களா இல்லையாண்ணே?"ன்னு கேட்டாங்க. பாத்தீங்களா, தொழில்காரங்க கேள்வி.

"அங்கதான் சமாச்சாரமே. அந்தக் கூட்டம் விடுறதா இல்ல. நான் ஒரு யோசன சொன்னேன். ஒரே மாதிரி ஏழு வண்டி. ஏழுலயும் ஜவுளிக்கடை பொம்ம. முதலாளி கோட்ட மாதிரியே கோட்டு, அதே மாதிரி மீச. ஏழும் ஏழு பக்கம் போகும். நெச முதலாளி தக்காளி லாரியில போவாரு. எல்லாம் கச்சிதமாப் போச்சு, ஆனா தக்காளி லாரி ஆத்தங்கரையில மாட்டிக்கிட்டு. படகுக்காரன் சாப்பிடப் போயிட்டான். இங்க கொட்டை விக்கிறவனோ சரியான நேரத்துக்கு வந்து உக்காந்துட்டான். என்ன செய்ய? ஒரு பொம்மையக் கொண்டுபோயி எதிர் நாற்காலியில வச்சேன்."

"வச்சு?"

"அவன் ஒரு வெல சொன்னான். பொம்ம பேசல. கொஞ்சம் கொறச்சான். பொம்ம அவனையே பாக்குது. இன்னும் கொறச்சான். வேர்க்குது அவனுக்கு. 'சார், எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு'ங்கான். பொம்ம கண்ண இமைக்கல. கடைசியில பாதி வெலைக்கு முடிச்சு, சாக்கும் இனாமாக் குடுத்துட்டு, 'இப்படி ஒரு யாவாரிய எங்க நாடே பாத்ததில்ல'ன்னு சொல்லி அழுதுக்கிட்டே போனான்."

மேடம் பெஞ்சப் பிடிச்சுக்கிட்டாங்க. அண்ணாச்சி விடல.

"வெளிய வந்தா அந்தக் கூட்டம் பொம்மையத் தூக்கிட்டுப் போயிட்டு! மூணு நாள் வச்சு மெரட்டியிருக்கான். கத்தியக் காட்டியிருக்கான், பட்டினி போட்டிருக்கான். ஒரு வார்த்த வாங்க முடியல. நாலாவது நாள் கூட்டத் தலைவனே நேர்ல கொண்டாந்து விட்டுட்டு, 'இவரு மனுசன் இல்ல, மகான்'னு கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போனான்."

அந்த நேரம் பாத்து, சென்னைப் பயணிகள் உள்ள வரலாம்னு ஸ்பீக்கர்ல சொன்னாங்க. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. மேடம் பேப்பர்க் கட்டப் பாத்தாங்க, போனப் பாத்தாங்க. எந்திரிக்கல.

"அண்ணே, நல்லாச் சிரிச்சாச்சு. ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லுங்க. எனக்கு வீட்டுல எட்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. ஏழு வருஷத்துல உங்க வண்டியில ஏறினவங்களுக்கு நெசமா என்ன நடந்துச்சு?"

அண்ணாச்சி கூலிங் கிளாஸக் கழத்தினாரு. நான் அவரு கண்ணப் பாத்தே பல நாளாச்சு. பெஞ்சுல அவங்களுக்குக் கொஞ்சம் தள்ளி உக்காந்தாரு.

"ஒண்ணும் நடக்கல தாயி."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நாலு பேருக்குப் போன் போட்டு எந்த ரோடு எப்படி இருக்குன்னு கேப்பேன். நேத்து போன வழியில இன்னைக்குப் போக மாட்டேன். மனசுக்கு ஒப்பலன்னா வண்டிய எடுக்கவே மாட்டேன். முதலாளிமாரு கண்டமேனிக்குத் திட்டுவாங்க, மீட்டிங்கு போச்சும்பாங்க. திட்டட்டும்னு உக்காந்திருப்பேன். என் வண்டியில ஏறினவங்கள்லாம் கொறட்ட விட்டுத்தான் தூங்குனாங்க. ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிடுறதுதான் தாயி அந்த வேலை. ஊருக்கு வந்து அதச் சொன்னா எவன் கேப்பான்? இசக்கிமுத்துகூட எந்திரிச்சுப் போயிருவாரு."

இசக்கிமுத்து தரையப் பாத்தாரு.

"நீ எறங்கினதும் டிரைவரு ஒருத்தன் கம்பெனி பேரு போட்ட அட்டை பிடிச்சிக்கிட்டு நிப்பான். உம் பேர நீயா சொல்லாத, அவன் வாயால சொல்லட்டும். கம்பெனி அனுப்பின போட்டோவுல இருக்க மூஞ்சிதானான்னு நல்லாப் பாரு. பின் சீட்டுல உக்காந்து பெல்ட்டப் போடு. அவன் இன்னைக்குப் போக வேண்டாம்னு சொன்னா சண்ட போடாத. அம்புட்டுத்தான். போயிட்டு வா."

மேடம் போனப் பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்து மூடினாங்க. வாசல்ல போலீஸ்காரருகிட்ட டிக்கெட்டக் காட்டிட்டு ஒரு தடவ திரும்பிக் கைய ஆட்டினாங்க. உள்ள போயிட்டாங்க.

பதினோரு நாளு. தெனமும் யாராவது ஒருத்தன் "அந்த மேடத்தப் பத்தி ஏதாவது தெரியுமா?"ன்னு எங்கிட்டக் கேப்பான். டென்சிங் அண்ணாச்சி மட்டும் கேக்கல. ஆனா அந்தப் பதினோரு நாளும் அவரு ஆப்பிரிக்கான்னு வாயே தெறக்கல.

பன்னெண்டாம் நாள் மத்தியானம் நான்தான் அவங்களக் கூப்பிடப் போயிருந்தேன். வெயில்ல முகம் கறுத்திருந்தாங்க, கொஞ்சம் பூசின மாதிரியும் இருந்தாங்க. கையெழுத்துப் போட்டாச்சு, கொட்டை கப்பலேறியாச்சுன்னாங்க. நேரா ஸ்டாண்டுக்கு வந்தாங்க. எல்லாரும் கூடிட்டானுங்க. இசக்கிமுத்து துண்ட ஒதறிப் போட்டுக்கிட்டு வசதியா உக்காந்தாரு, கத கேக்க.

"சொல்லு தாயி. அங்க என்னல்லாம் நடந்துச்சு?"ன்னாரு.

"ஒண்ணும் நடக்கலண்ணே. டிரைவரு ரொம்ப நல்லவரு. ஒருநாள் போக வேண்டாம்னாரு, போகல. மத்த நாளெல்லாம் வண்டியில ஏறின ஒடனே நான் தூங்கிட்டேன்."

டென்சிங் அண்ணாச்சி டீ கிளாஸக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தாரு.

இசக்கிமுத்து மேடத்தப் பாத்தாரு, அண்ணாச்சியப் பாத்தாரு. துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு.

"ஏன்வே டென்சிங்கு, ஒரு மணி நேரந்தானவே இந்தப் பிள்ள உம்மகூட இருந்துது. அதுக்குள்ள இப்படிப் புளுகப் பழக்கிட்டீரே!"