தனியாக எழாத விரல்

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மீனும் பேசும். வேலைவெட்டி இல்லாமல் வாயடித்துக்கொண்டு திரிந்த விலங்குகள், இன்று அப்படித் திரிகிற மனிதர்களைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் விரல்களின் சங்கதி இன்றுபோல் இல்லை. குழந்தை பிறந்த உடனே விரல்கள் அதற்குச் சொந்தமாகிவிடாது. பால்பல் முளைத்த பிறகு வருகிற முதல் வெள்ளம் வடிவதற்குள், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர் வைத்துப் பழக்கிவிட வேண்டும். பழக்காத விரலை நண்டு வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

நண்டைத் திருடன் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் முறையாக வாசலில் வந்து நிற்கும். விரல் விரலாகத் தொட்டு, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்கும். தாய் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அந்த விரல் தானாக எழுந்து தலையாட்ட வேண்டும். எழுந்தால் குழந்தைக்கு, எழாவிட்டால் நண்டுக்கு. நண்டின் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்கள் அப்போதே இருந்தன. அவை யார் வீட்டு விரல்கள் என்று அதனிடம் யாரும் கேட்டதில்லை.

பெயர் இதுதான் என்று கட்டாயம் ஏதுமில்லை. ஒரு வீட்டில் குண்டான் என்றிருப்பது அடுத்த வீட்டில் மாமன் என்றிருக்கும். சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் தாய்மார் எதையாவது சொல்லிக் கொஞ்சுவார்கள். விரல்களும் கேட்டுக் கேட்டுப் பழகிவிடும். அதனால் நண்டு பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பும்.

ஆற்றங்கரையில் மாராயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பரிசல் ஓட்டுகிறவன். கோயில் கோயிலாகச் சுற்றி, வேண்டாத சாமியில்லை என்று ஆன பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பவளாயி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தையின் கைகள் அவ்வளவு அழகு. பேறுகாலம் பார்க்க வந்தவளே தொப்புள்கொடியை மறந்துவிட்டுக் கையைப் பார்த்தபடி நின்றாள்.

மாராயி குழந்தையின் கைகளைச் சட்டென்று முந்தானையால் மூடினாள். "என்ன பெரிய கை, தவளைக் கை மாதிரி இருக்கு" என்று கண் படாமலிருக்க உடனே ஒரு வார்த்தை போட்டுவைத்தாள். அது போதவில்லை. பழைய சேலையைக் கிழித்து இரண்டு பைகள் தைத்து, குழந்தையின் கைகளை அவற்றுக்குள் விட்டு மணிக்கட்டில் முடிந்துவிட்டாள். அந்த வீட்டில் கையைப் பற்றி யாரும் பேசக் கூடாது. புருஷன் ஒருநாள், "புள்ள விரலு..." என்று வாயைத் திறந்தான். அன்று அவனுக்குக் குழம்பு கிடைக்கவில்லை. குளிப்பாட்டும்போது மட்டும் பைகளை அவிழ்ப்பாள். அப்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பெற்றவள் கண்ணே பட்டுவிடும் என்று பயப்படுகிறவளை என்ன செய்வது?

பவளாயிக்குப் பல் முளைத்தது. வெள்ளமும் வந்தது. பரிசலோடு போன புருஷன் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டான். தண்ணீர் வடியத் தொடங்கிய அன்று காலையில் பக்கத்து வீட்டுச் சடைச்சி அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தாள். பிள்ளைகள் நிறையப் பெற்றவள், வாய் மூடாதவள்.

"ஏண்டி மாராயி, தண்ணி வடியுது. புள்ளைக்கு விரலெல்லாம் பழக்கிட்டியா?"

"மெதுவாப் பேசுக்கா. கண்ணு பட்டுறப் போவுது."

"கண்ணு கிடக்கட்டும். பேரு வச்சியா, இல்லியா?"

மாராயி அடுப்பைக் கிளறினாள்.

"அடிப்பாவி! சாயங்காலம் நண்டு வந்து நிக்குமே, அப்ப என்னத்தச் சொல்லுவ?"

"பையை அவுக்க மாட்டேன். மூடி வச்சிருக்கிறத அது எப்படி எடுக்கும்?"

"மூடி வச்சா அதுக்கு இன்னும் சௌகரியம்டி. பொட்டலமாத் தூக்கிட்டுப் போயிரும்."

மாராயி ஓடிப்போய்ப் பைகளை அவிழ்த்தாள். முதன்முதலாக முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள். அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கைகள் பாயில் போட்டது போட்டபடி கிடந்தன. கிலுகிலுப்பையை வைத்தால் பிடிக்கவில்லை. அவள் தன் விரலைக் கொடுத்தாள், அதையும் பிடிக்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் தாயின் தலைமுடியைப் பிடுங்கிக் கையோடு எடுத்துவிடும். இதற்கு முடியென்றால் என்ன என்றே தெரியவில்லை. கண் படாமல் காத்த கை யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் நேரமில்லை.

"எங்க வீட்டுப் பேருங்கள எடுத்துக்கடி. குண்டான், குச்சி, நெட்டையன்..." என்றாள் சடைச்சி. மாராயி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். விரல்கள் அசையவில்லை. இரவல் பெயர் ஒட்டவில்லை.

கூரைமேல் ஒரு காக்கை உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. "சும்மா சொன்னா எந்த விரலு கேக்கும்? அதுக்கு ஒரு வேலையக் குடு. வேலை செய்யிறப்ப பேரைச் சொல்லு. யோசனை சொன்னதுக்கு எனக்குக் கொஞ்சம் களி" என்றது.

மாராயி களியைக் கிண்டித் தட்டில் போட்டாள். ஆறிய பிறகு குழந்தையின் வலது கையை அதில் அமுக்கினாள். நான்கு விரல்கள் மேலே வழுக்கிக்கொண்டு போயின. குட்டையான ஒன்று மட்டும் களிக்குள் இறங்கி, அடித்துவைத்த முளைக்கட்டை போல் நின்றது. "கட்டை விரலு! எங் கட்டை விரலு!" என்றாள் மாராயி. கட்டை விரல் ஒருமுறை தலையாட்டியது. அவள் அதை வாயில் வைத்துக் களியைச் சப்பி எடுத்தாள். குழந்தை சிரித்தது.

காக்கை தன் பங்குக்கு இறங்கி வந்தது. குழந்தை அதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது, கட்டை விரலுக்கு அடுத்தது மெல்ல நிமிர்ந்து காக்கைப் பக்கம் நீண்டது. "யாரு வந்திருக்கான்னு காட்டுறியாடி? ஆள்காட்டி விரலு!" என்றாள். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டோரம் ஒதுங்கியிருந்த தண்ணிப்பாம்பு ஒன்று, என்ன கூச்சல் என்று தலையைத் தூக்கி ஆட்டியது. நடுவிலிருந்த நீளமான விரல் அதைப் பார்த்துத் தானும் ஆடியது. "எங்க சாதிதான்" என்றது பாம்பு பெருமையாக. அது பாம்பு விரல் ஆனது. தட்டுக்கு வந்த எறும்பைக் கடைசிக் குட்டி விரல் ஒரு சுண்டு சுண்டிவிட்டது. அது சுண்டு விரல் ஆனது.

இடது கையைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கவில்லை. வலது கை செய்ததையெல்லாம் பக்கத்தில் கிடந்து பார்த்து அதுவும் செய்தது.

பாம்பு விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே ஒன்று மிச்சமிருந்தது. அதற்கு எந்த வேலையும் பிடிக்கவில்லை. களியில் வைத்தால் வழுக்கியது. காட்டச் சொன்னால் காட்டவில்லை. சுண்டச் சொன்னால் சுண்டு விரல் முந்திக்கொண்டது. மாராயி உப்பைத் தொடவைத்தாள், மணலில் கோடு போடவைத்தாள், கன்னத்தைக் கிள்ளவைத்தாள். எல்லா வேலையையும் மற்ற விரல்களே செய்துவிட்டன. கெஞ்சினாள், திட்டினாள், முத்தம் கொடுத்தாள். அது அப்படியே கிடந்தது.

வெயில் இறங்கியது. வாசலில் சேற்றில் நடக்கிற சத்தம் கேட்டது.

"என்ன தாயி, சௌக்கியமா?" என்றது நண்டு.

"வாங்கண்ணே" என்றாள் மாராயி. குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். சடைச்சியும் போகாமல் கதவோரம் நின்றாள்.

நண்டு வலது கையின் முதல் விரலைத் தொட்டது. மாராயி பெயரைச் சொன்னாள். கட்டை விரல் தலையாட்டியது. ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நண்டையே காட்டியது. "கெட்டிக்காரிதான்" என்றது நண்டு. பாம்பு விரல் ஆடியது. நண்டு அடுத்ததைத் தொட்டது.

"இதுக்கு?"

"அதுக்கு அப்புறம் சுண்டு விரலுண்ணே. அதப் பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பு!"

சுண்டு விரல் எழுந்து எழுந்து ஆடியது. நண்டு அதற்கும் தலையசைத்துவிட்டு மறுபடி அந்த விரலுக்கே வந்தது. "இதுக்குப் பேரு?"

"ராசா" என்றாள் மாராயி, வாயில் வந்ததை.

"ராசா எழும்பலியே தாயி."

"தூங்குது."

"கோவிச்சுக்காதே. வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வர்ற கன்னுக்குட்டி கரையில நின்னா, கேக்க ஆளில்லைன்னா புடிச்சவனுக்குத்தான் சொந்தம். இது ஆத்தங்கரை நியாயம். நானா உண்டாக்கினேன்?" என்று சொல்லிக்கொண்டே நண்டு தன் கொடுக்கால் அந்த விரலைப் பிடித்து இழுத்தது.

பவளாயி வீறிட்டாள். கையில் வலி என்று ஒன்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அப்போது பக்கத்திலிருந்த பாம்பு விரல் தானாகச் சாய்ந்து வந்து, இழுபடுகிற விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அதன் மேல் மற்றவை மடங்கின. அந்தக் கை முதன்முதலாக மூடியது. அதைப் பார்த்து இடது கையும் அப்படியே மூடிக்கொண்டது.

"பாம்பு விரலை விடச் சொல்லு தாயி. அது உன்னுது. இது என்னுது."

"நான் புடிக்கச் சொல்லலியே" என்றாள் மாராயி. அவளுக்குக் கன்றுக்குட்டி என்ற சொல்லே காதில் நின்றது. கரையில் ஒதுங்கிய கன்று பிடித்தவனுக்குத்தான். ஆனால் கழுத்தில் கயிறு கிடந்தால் எவனும் தொட மாட்டான். அவள் எட்டிக் கூரையிலிருந்து ஒரு புல்லை உருவினாள். மூடிய கைக்குள் விட்டு, அந்த விரலின் அடியில் வளையமாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இடது கையில் அதே விரலுக்கும் ஒன்று போட்டாள்.

"இப்ப பாருங்கண்ணே. இது அவுத்துவிட்ட கன்னு இல்ல, கட்டின கன்னு. கட்டினவ நான் இருக்கேன். இதுக்கும் ஆத்தங்கரை நியாயம் ஒண்ணு உண்டுல்ல?"

நண்டு முடிச்சைத் தடவிப் பார்த்தது. நியாயம் பேசுகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம்; தாங்கள் பேசிய நியாயத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். அது கொடுக்கைத் தளர்த்தியது.

"கட்டினதைத் தொட மாட்டேன். ஆனா ஒண்ணு. பேரைச் சொல்லி எழும்பாதது தனியா மேயக் கூடாது. பாம்பு விரலுதான் அதைப் புடிச்சவன்; அவன் எழுந்தா எழட்டும், புடிச்சவன் படுத்தா அதுவும் படுக்கட்டும்."

"ஆகட்டும்" என்றாள் மாராயி. அதைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் அப்போது அவள் ஆகட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

நண்டு பக்கவாட்டில் நடந்து ஆற்றுக்குப் போனது. மாராயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். பைகளைச் சேற்றில் வீசினாள். பிள்ளையின் இரண்டு கைகளையும் ஊர் பார்க்க உயர்த்திப் பிடித்தாள்.

"எம் புள்ள கை மாதிரி இந்த ஆத்தங்கரையில ஒரு கை கிடையாது! பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க!"

"பாக்குறோம்டி, பாக்குறோம். கத்தாதே" என்று சடைச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பவளாயி அந்தக் கையால் தாயின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மாராயிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. விடச் சொல்லவில்லை.

அந்த வீட்டில் வைத்த பெயர்கள் வாய்க்கு வாய் பரவி எல்லா வீட்டுக்கும் பொதுவாகிவிட்டன. புல் வளையம் பின்னால் செம்பாகவும் பொன்னாகவும் மாறியது. பெயர் கிடைக்காத விரலுக்கு மோதிர விரல் என்றே பெயராகிவிட்டது. நண்டு போட்ட நிபந்தனையில் சந்தேகமிருக்கிறவர்கள் பாம்பு விரலை மடக்கி, உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கலாம். கட்டை விரல் எழும், ஆள்காட்டி எழும், சுண்டு விரலும் எழும். மோதிர விரல் மட்டும் எழாது; பிடித்தவன் படுத்திருக்கிறான்.

அதனால்தான் இன்றைக்கும், இன்னும் ஒரு வார்த்தை பேச வராத குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, நண்டு வாசலில் நிற்கிறதைப் போல, தாய்மார் ஒவ்வொரு விரலாகப் பெயர் சொல்லி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.